நாலு நாள் நிற்காத பஸ்

என் ஓரகத்தியின் தங்கை மகள் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் டீச்சர். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பேர். யாரைத் திட்டினாலும், "அவங்க பக்கமும் ஒரு தடவை பேசிப் பாருங்க" என்பாள். நாத்தனாருக்கும் மாமியாருக்கும் சண்டை வந்தபோதும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து இவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவள் வகுப்பில் சலவைக்காரர் மகள் ஒருத்தி படித்தாள். சாயங்கால பஸ் பள்ளி வாசலில் நிற்பதில்லை. நடந்து வீடு சேர இருட்டிவிடும். "இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் விஷயம் தெரிந்து வகுப்பே கொதித்தது.

"கண்ணாடிய உடைச்சா தானா நிப்பான், டீச்சர்!"

"இருக்கட்டும். மொதல்ல யாராவது டிரைவரா உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் இவள்.

வகுப்பிலேயே பெரிய வாயாடி வந்து உட்கார்ந்தாள். ஹாரன் அடித்து எல்லாரையும் சிரிக்க வைத்தாள். போகப்போக டிரைவராகவே ஆகிவிட்டாள். "நிறுத்துறதுக்குள்ள நாப்பது பேர் ஓடி வந்து படியில தொங்குறீங்க. ஒருத்தி விழுந்தா ஜெயிலுக்குப் போறது யாரு? உங்கப்பனா?"

கண்ணாடியை உடைக்கச் சொன்னவளே எழுந்துபோய் ஓர் அட்டையைத் தேடி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வாசலில் ஒற்றை வரிசையாக நின்றார்கள். கையில் அட்டை: 'தொங்க மாட்டோம். நிறுத்துங்கள்.' பஸ் புழுதியை இறைத்துவிட்டுப் போனது. செவ்வாயும் புதனும் அதே கதைதான். வியாழக்கிழமை ஒருத்தி குனிந்து கல்லை எடுத்தாள். சலவைக்காரர் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ போடுடி."

"உனக்காகத்தான்டி எடுத்தேன்!"

"எனக்காகன்னா வரிசையில நில்லு. இன்னும் ஒரு நாள் இருக்கு."

வெள்ளிக்கிழமை பஸ் இருபதடி தள்ளிப் போய் நின்றது. ஒருத்தியும் ஓடவில்லை. வரிசை கலையாமல் நடந்து போனார்கள்.

டிரைவர் தலையை நீட்டினார். "எப்ப கலைவீங்கன்னு நாலு நாளா கண்ணாடியில பாத்துக்கிட்டே போனேன். மெதுவா ஏறுங்கம்மா."

"அண்ணே, வகுப்புல உங்க பக்கம் பேசினது நான்தான்!" என்றாள் வாயாடி.

"அதுக்கு? டிக்கெட்டு எடு."

சலவைக்காரர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே மகள் வந்து நின்றதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா."

"திங்கக்கிழமையும் நிக்குமா?"

"தெரியாதுப்பா. நாங்க நிப்போம்."

அவர் அடுத்த சட்டையை விரித்தார். "சரி, போ. போய்ப் படி."