பாஸ்கரின் வலது கை கிளவுஸ்

தோல் கருகினால் ஒரு வாசனை வரும். தோசைக்கல்லில் அப்பளத்தை மறந்துவிட்டுப் போன மாதிரி... கூடவே கொஞ்சம் செருப்புக்கடை.

இன்று காலை மாதவரம் பட்டறையில் பால் டேங்குக்கு வெல்டு அடிக்கும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே பல வருஷத்துக்கு முந்தைய எண்ணூர் ஷெட்டுக்குப் போய்விட்டேன். உடம்பு இங்கே, மனசு அங்கே.

அப்போது நானும் பாஸ்கரும் திருவொற்றியூரில் ஒரு கிரில் கேட் பட்டறையில் வேலை செய்தோம். அவன் வியாசர்பாடிக்காரன். எல்லா வேலையும் பீச்சாங்கையில்தான். நான் சோத்துக்கை. ஆனால் நிஜத்தில் அதிகம் உழைத்தது என் வாய்தான்.

வள்ளூர்ப் பக்கம் பைப் வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார், எண்ணூரில் டிக் வெல்டிங் டெஸ்ட் என்று சேதி வந்தது. பாஸானால் பைப் வெல்டர். இல்லையென்றால் ஆயுசுக்கும் கிரில் கேட்.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்குப் பெண் தருவதாகச் சொன்ன ராயபுரத்து மனிதர், "நல்ல வேலையில சேரட்டும், அப்பால பாக்கு மாத்திக்கலாம்" என்று நிறுத்தி வைத்திருந்தார். ஆக, என் கல்யாணமே அந்தப் பைப்பில் மாட்டிக்கொண்டிருந்தது.

டெஸ்டுக்கு முன்னால் கிளவுஸ் வாங்க ரெண்டு பேரும் சாத்தாங்காடு போனோம்.

டிக் வெல்டிங்கில் ஒரு கை இரும்பை உருக்கும் டார்ச்சைப் பிடிக்கும். இன்னொரு கை மெல்லிய கம்பியை விரலாலேயே துளித்துளியாக நகர்த்தி, உருகும் இடத்தில் கொடுக்கும். கேட் வேலைக்குப் போடுகிற முரட்டு கிளவுஸ் இதற்கு உதவாது.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. மேசையில் ரெண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று வெள்ளை, ஆட்டுத்தோல், வெத்தலை மாதிரி மெல்லிசு. இன்னொன்று மஞ்சள், மாட்டுத்தோல், கொஞ்சம் கனம். பக்கத்தில் பளபளவென்று ஒரு நைலான் ஜோடி தொங்கியது. நான் அதைத்தான் ஆசையாகப் பார்த்தேன்.

"அது பைக் ஓட்டுறதுக்கு தம்பி. சூடு பட்டா உருகி வெரலோட ஒட்டிக்கிடும்" என்றார் அண்ணாச்சி.

வெள்ளையை மாட்டிக்கொண்டு, கீழே கிடந்த ஒற்றைக் கம்பியைப் பொறுக்கி விரலில் உருட்டிப் பார்த்தேன். அல்வா மாதிரி நழுவியது.

"இத்த வாங்காத மாமு. பைப்பு சூட்ல உன் கை சுக்கா வறுவல் ஆய்டும்" என்றான் பாஸ்கர்.

"நீ அந்த மஞ்ச மூட்டைய மாட்டிகினு கம்பி குடுப்பியா? டெஸ்டுக்குப் போறியா, பாக்சிங்குக்குப் போறியா?"

"போடா, கண்ணாலத்துக்கு அலையிறவனுக்கு இன்னா தெரியும்!"

அண்ணாச்சி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்லுறதும் சரிதான். தனித்தனியா கெட்டட்டுமா?"

வியாபாரி!

ஆளுக்கொரு ஜோடி வாங்கினோம். ஒரே பஸ்ஸில் முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தனாக வீடு திரும்பினோம். டெஸ்ட் நாள் வரைக்கும் பேச்சில்லை.

எண்ணூர் ஷெட்டில் அடுத்தடுத்த தடுப்பு எங்களுக்கு. பைப்பைச் சாய்வாக நிறுத்தியிருந்தார்கள். டார்ச் பிடிக்கும் கையை அந்தப் பைப் மேலேயே ஊன்றித்தான் அடிக்க வேண்டும். என் இடது கை கம்பியை அழகாகக் கொடுத்தது. வலது கைதான்... பாதிச் சுற்றுக்குள் அந்த அப்பள வாசனை. டார்ச்சை வைத்துவிட்டு, வலது கிளவுஸைக் கழற்றி உதறிக்கொண்டே தண்ணீர் டிரம்முக்கு ஓடினேன்.

அங்கே எனக்கு முன்னால் பாஸ்கர். அவனும் வலது கிளவுஸைக் கழற்றி வைத்துக்கொண்டு முழித்தான்.

"இன்னாடா, வெந்துச்சா?"

"ம். உனக்கு?"

"டார்ச்சு கை ஜில்லுனு கீது நைனா. இந்தக் கைதான் பேஜாரு. கம்பி கீதா, வுழுந்துச்சா... ஒண்ணும் தெர்ல."

அவன் கையில் மஞ்சள். என் கையில் வெள்ளை. ரெண்டும் வலது.

யார் முதலில் நீட்டினோம் என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். என் டார்ச் கைக்கு மஞ்சள், கம்பி கைக்கு வெள்ளை. பீச்சாங்கை பாஸ்கருக்கும் அதேதான், திசை மட்டும் தலைகீழ்.

டெஸ்ட் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இன்னாய்யா இது? அவசரத்துல மாத்திப் போட்டுகினு வந்துட்டீங்களா?"

எக்ஸ்ரேவில் பாஸ்கரின் வெல்டு பளிச். என்னுடையது பாஸ், ஆனால் என்னைப் போலவே சுமார். ராயபுரத்து மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் பல வருஷம் சாத்தாங்காட்டில் எங்கள் கணக்கு ஒன்றுதான். வெள்ளை ஒரு ஜோடி, மஞ்சள் ஒரு ஜோடி. கடை வாசலிலேயே பிரித்துக்கொள்வோம். மிச்சம் என்று ஒன்று இருக்காது. பாஸ்கர் கத்தார் போகும் வரைக்கும்.

இப்போது போனில் தட்டினாலே கிளவுஸ் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மெல்லிசு, சூடு தாங்கும், வாங்கினவர்கள் அஞ்சு நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறார்கள். நானோ இன்னும் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்றுதான் வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் வெள்ளையில் வலதும் மஞ்சளில் இடதும் புத்தம்புதிதாக மிஞ்சும். பரண்மேல் ஒரு சாக்கு நிறைந்துவிட்டது.

"இத்தினி கிளவுசு யாருக்கு? வூட்ல யாருக்காச்சும் மூணாவது கை கீதா?" என்று ராயபுரத்து மனிதரின் மகள் கேட்கிறாள்.

போன வாரம் பாஸ்கர் வீடியோ காலில் வந்தான். தலையெல்லாம் நரை. சாக்கைக் காட்டி, "தூக்கிப் போடச் சொல்லுதுடா உன் தங்கச்சி" என்றேன்.

அவன் போனைத் திருப்பினான். கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. நிறைய கிளவுஸ். மஞ்சளில் எல்லாம் வலது, வெள்ளையில் எல்லாம் இடது.

"இருக்கட்டும் மாமு. எல்லாம் உன் கைதான்."