எழுபத்திரண்டு கிளிகள்

“உனக்கு எதுக்குடி இந்தக் கதை? உங்கப்பா நல்லவரு, வல்லவரு, யார் வம்புக்கும் போவாதவருன்னு நாலு வரி எழுதிட்டுப் போவியா, கிளிக் கதையப் போயி கேட்டுகினு கீற! அத்தை பண்ண கூத்த அச்சுல ஏத்தி சொந்தக்காரங்க கையில எல்லாம் குடுக்கணுமா?”

நான் இப்படிக் கத்தியும் என் தம்பி மகள் செல்வி அசையவில்லை. மடியில் நோட்டை விரித்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதிக்கிறேன்” என்றாள். அப்பனைப் போலத்தான் மகளும். கோபம் வராது, எடுத்த காரியத்தையும் விடமாட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆகவே இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் நீங்கள் படிப்பது என் வாய், அவள் எழுத்து. பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். பொய் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

இடுப்பில் தூக்கி மூக்குச் சிந்திவிட்ட தம்பியை ‘அவர்’ என்று சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் ஊரார் முன்னிலையில் அவர் பெரிய மனிதர். அவர் என்றே சொல்கிறேன்.

தம்பி பிறந்தது அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில். அப்போது எனக்கு ஆறு வயது. எங்கள் குடும்பம் அங்கே நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குக் காவலாளியாகப் போனார். தம்பி பத்தாவது படிக்கையில் அப்பா தவறிவிட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆவடி கடைத்தெருவில் போர்டு எழுதும் ஒருவரிடம் தம்பி வேலைக்குச் சேர்ந்தார்.

பதினேழு பதினெட்டு வருடம் அந்த வேலைதான். கடைசியாக அங்கே ஒரு பிரியாணிக் கடைக்கு அவர் வரைந்த கோழி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் நிற்கிறவரை அந்தக் கோழி அப்படிப் பார்க்கும், பெற்ற பிள்ளை பார்ப்பதுபோல. சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேர் சாம்பார் சாதம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “தம்பி, கண்ண மட்டும் அழிச்சிடு நைனா, எனக்கே கறி எறங்கல” என்றார். கண்ணை அழிப்பதற்குள், ஆவடியில் உறவினர் வீட்டுக்கு வந்த ஒருவர் அந்தக் கோழியைப் பார்த்துவிட்டார். அவர் வடபழனியில் சினிமாவுக்குத் தந்திரக் காட்சிகள் செய்யும் கம்பெனியின் முதலாளி. அடுத்த வாரமே தம்பியை வேலைக்கு அழைத்துக்கொண்டார்.

எண்பதுகளில் வந்த சாமிப் படங்களில் அம்மன் கையிலிருந்து ஒளி பாயும், சூலத்திலிருந்து மின்னல் கிளம்பும், இல்லையா? பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, அந்த மின்னலில் பாதி எங்கள் கள்ளிக்குப்பத்துத் தம்பி வரைந்தது.

“ஏண்டா, ஒரு மின்னலுக்கு ஒரு படம் போதாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு செகண்டுக்கு இருபத்திநாலு படம் ஓடுதுக்கா. ஒண்ணொண்ணையும் ரெண்டு தபா புடிச்சா, பன்னெண்டு வரஞ்சா போதும்.”

“அப்ப மீதி பன்னெண்டு ஏமாத்து வேலையா?”

“ஆமாக்கா. நீ கண்ணு சிமிட்றதுக்குள்ள போயிடும்.”

முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவார். கீழே டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் அதை வைத்து, மேலே கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மையால் கோடு இழுப்பார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் வண்ணம் அடிப்பார். கேமராவில் படம் பிடித்து முடிந்ததும் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. ஆனால் அந்தத் தாள் சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. அதனால் கழுவி மறுபடி வரைவார்கள். அந்தக் கழுவும் பொறுப்பு என்னுடையது. நான் வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்தான். தம்பி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு துணிக்கொடிதான் எல்லை. கழுவ வேண்டிய தாள்கள் மஞ்சள் பையில் வரும். பையைப் பார்த்தால் நான் பக்கெட்டை எடுப்பேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மனையும் அசுரனையும் ஒரே சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் காயவைத்த பாவமோ புண்ணியமோ எனக்கு நிறைய உண்டு.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. தொண்ணூறுகளில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு மட்டும் குளிர்சாதன அறை. வரைகிற ஐந்து பேருக்கு ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றுவதைவிட அதிகமாகக் கத்தும். கம்ப்யூட்டரைக் கையாள மேரி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பம்பாயில் பயிற்சி எடுத்து வந்திருந்தாள். தம்பி அவளைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த அறைக்குள் ஒருநாளும் போனதும் இல்லை.

அப்போதுதான் கிளி வந்தது. ஒரு சாமிப் படம். அம்மன் சிலையின் கையிலிருக்கும் கிளி உயிர்பெற்றுப் பறந்து, கோவில் படியில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் தோளில் உட்கார வேண்டும். ஆறு வினாடி. முதலாளி ஒரு பந்தயம் வைத்தார். கையால் ஒரு கிளி, கம்ப்யூட்டரில் ஒரு கிளி. இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை படத் தயாரிப்பாளர் வந்து பார்ப்பார். கம்ப்யூட்டர் கிளி அவருக்குப் பிடித்தால் வரைகிற பிரிவை மூடிவிடுவது என்று முதலாளி சொல்லிவிட்டார். தம்பியோடு சேர்த்து ஐந்து குடும்பம். செல்விக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

ஆறு வினாடிக்கு எழுபத்திரண்டு கிளிகள். இரண்டு மாதம் வரைந்தார். கோடெல்லாம் முடிந்து, கடைசிச் சில தாள்களுக்கு மட்டும் வண்ணம் அடிக்க வேண்டும் என்று சனிக்கிழமை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ரெக்ஸின் பையின் ஜிப் அன்றைக்கென்று பிய்ந்துபோனது. ஏதோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில் தாள்களைப் போட்டுக்கொண்டு வந்தார். என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை வண்ணம் முடிந்தது. காயவைத்து, அதே பையில் பத்திரமாக வைத்துவிட்டு, முடிவெட்டிக்கொள்ளப் போனார். நான் பையைப் பார்த்தேன். பக்கெட்டை எடுத்தேன்.

பச்சைத் தண்ணீர் ஓடியது. ஏதோ தோப்பு வரைந்திருக்கிறான் என்று நினைத்தேன். தலையெல்லாம் குளிர்ச்சியாக தம்பி திரும்பி வந்தபோது எழுபத்திரண்டு தாளும் கொடியில் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தன.

“அக்கா, இன்னாக்கா இது?”

“இன்னாவா? இந்தப் பச்ச லேசுல போவலடா. ரெண்டு தபா சோப்பு போட்டேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். “ஐயோ அண்ணி, அது கிளி அண்ணி! பொதங்கிழமைக்குக் குடுக்க வேண்டிய கிளி!”

“கிளின்னு பை மேல எழுதியா கீது? எழுதினாத்தான் எனக்குப் படிக்கத் தெரியுமா?” என்று வாய் சொன்னது. கை பக்கெட்டைப் பின்னால் தள்ளியது.

தம்பி ஒரு தாளைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். “நல்லாக் கழுவிகீறக்கா. ஒரு கறை இல்ல” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்து மனசை ஆற்றியிருப்பேன். அந்த மனிதரிடம் இதுதான் தொல்லை.

மறுநாள் காலை அவர் வெறுங்கையோடு கிளம்பினார். தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். “கழுவினது நானு. நானும் வரேன்” என்று கூடவே ஏறிவிட்டேன். காகிதத்தில் பென்சிலால் வரைந்த கட்டு கட்டிலடியில் இருந்தது. அதை வைத்து மறுபடி மையும் வண்ணமும் போட இரண்டு நாள் போதாது. தம்பி வேலை செய்யவே இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டால் சாட்சி வேண்டாமா? அதையும் ஒரு பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அம்பத்தூரிலிருந்து வடபழனி வரை பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்தப் பயணம் ஒன்றுதான்.

முதலாளி எல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “அப்போ கம்ப்யூட்டர் கிளிதான். வேற வழி இல்லப்பா” என்றார்.

“அத நான் பாக்கலாமா?” என்று கேட்டேன். எனக்கு என்ன உரிமை? ஆனால் வயசான பொம்பளை கேட்டால் சிலர் தட்டமாட்டார்கள்.

குளிர்சாதன அறைக்குள் மேரி கம்ப்யூட்டரில் கிளியைக் காட்டினாள். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. மூக்கில் பழச் சிவப்பு, கண்ணில் வெளிச்சம். பிறகு அதைப் பறக்கவிட்டாள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி ரெக்கை மேலும் கீழும் போனது. உடம்பு ஆணி அடித்ததுபோல விறைப்பாக, ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

“ரொம்ப அழகா கீதும்மா” என்றேன். “இதுக்கு உசுரு எப்ப வரும்?”

வாசலில் நின்ற தம்பி, “அக்கா!” என்று பல்லைக் கடித்தார். மேரி கோபப்படவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. “அதான்மா எனக்கும் தெரியல. நாப்பது தடவ மாத்திட்டேன். பொதன்கிழம இது நல்லா இல்லன்னா, என்னையும் அனுப்பிடுவாங்க.”

அது எனக்குப் புதிய செய்தி. மிஷின் பக்கம் இருப்பவர்களுக்கு வேலை போகிற பயமே இருக்காது என்று எண்ணியிருந்தேன். சுற்றியிருந்த பழைய சேலையைப் பிரித்து, காகிதக் கட்டை அவள் மேசையில் வைத்தேன். “இத கொஞ்சம் பாரும்மா.”

மேரி கட்டை ஒரு கையில் பிடித்து, காகிதங்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டிவிட்டாள். கிளி பறந்தது. வெறும் பென்சில் கோடு, வண்ணம் இல்லை. சிலையின் கையில் ஒருமுறை பயந்து பதுங்கி, காலால் உந்தி, எழும்பிப் பறந்தது. அவள் மறுபடி விட்டாள். மறுபடியும்.

“அண்ணே, கிளம்பறதுக்கு முன்னாடி ஏன் கீழ எறங்குது?”

தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் நுழையாத அறை. “எறங்காம எப்படிம்மா ஏறும்?” என்றபடி உள்ளே வந்தார். “ரெக்க கீழ தள்ளறப்போ ஒடம்பு மேல வரணும். உன் கிளிக்கு எடையே இல்ல. எங்க அக்கா மாதிரி ஒருத்தர் எழுந்திருக்கிறத நெனச்சிக்கோ. கை ஊனி, குனிஞ்சி, அப்புறம்தான எழுந்திருக்கறாங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் மிஷின்போல மூடி திறக்கும் ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒவ்வொரு காகிதமாக வைத்து, எழுபத்திரண்டையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். தம்பியின் ஒவ்வொரு கோட்டுக் கிளிக்கும் மேல் மேரி தன் கிளியை நிறுத்தினாள். அதன் ரெக்கை எங்கேயோ இதன் ரெக்கையும் அங்கே. கழுத்து திரும்பினால் இதுவும் திரும்பும். தம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “வாலு, வாலு! வால விரிக்கலன்னா தோள்ல எப்படி நிக்கும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மதியம் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாளும் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

புதன்கிழமை தயாரிப்பாளர் வந்து பார்த்தார். மூன்று தடவை போடச் சொன்னார். “கிளிய எங்க பழக்கினீங்க?” என்று கேட்டாராம். கோட்டுக் கிளி இல்லாமல் கம்ப்யூட்டர் கிளி பறக்காது என்று முதலாளிக்குப் புரிந்துபோனது. வரைகிற பிரிவு மூடப்படவில்லை. கண்ணாடி மேசை குளிர்சாதன அறைக்குள் போனது. மின்விசிறி அங்கேயே நின்று கத்தியது. ஐந்து பேரும் நிலைத்தார்கள் என்று சொன்னால் நான் முன்பே சொன்ன பொய்க் கணக்கில் சேரும். இரண்டு பேருக்கு அந்தத் திரை ஒத்துவரவில்லை. ஒருவர் போர்டு எழுதப் போனார். ஒருவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியரானார். மற்ற மூவரும் கற்றுக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தம்பி ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டிப் பழகினார். “சிலேட்டு மாறிகீதுக்கா, அவ்ளோதான்” என்பார்.

சர்க்கரையும் இதயமும் சேர்ந்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பியபோதும் அந்தக் கண் மாறவில்லை. வார்டு டிவியில் பொம்மைப் படம் ஓடும். “அந்தப் பூனைக்கு எடையே இல்லக்கா, காத்துல நடக்குது” என்று குறைப்படுவார்.

“நீ போயி அதுக்கு எடை போட்டுட்டு வா. டாக்டர் அதுவரைக்கும் ஊசியோட நிப்பாரு” என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார். சிரித்த முகம்தான் எனக்குக் கடைசி.

அவர் மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆவடி கடைத்தெரு நண்பர்களுக்கும், விடுமுறை போட்டுவிட்டு எங்களோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்த மேரிக்கும், செல்வியின் படிப்பை முடிக்கத் துணை நிற்கும் முதலாளிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. செல்வியும் கம்ப்யூட்டரில் படம் வரையத்தான் படிக்கிறாள். காகிதத்தில் பென்சிலால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் அதைத் தொடுகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, அந்தக் கிளிப் படத்தை டிவியில் போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கிளி பதுங்கியது, எழும்பியது, பறந்து அந்தப் பெண்ணின் தோளில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏங்க்கா, கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு சொல்றாங்களே, இதுல உங்க தம்பி செஞ்சது எது?” என்று கேட்டாள்.

“பளபளன்னு மின்னுதே, அது கம்ப்யூட்டரு” என்றேன். “பறக்குதே, அது என் தம்பி.”