அக்கம்மாள் குடிக்காத தண்ணீர்

என் நாத்தனார் அக்கம்மாள் விடியுமுன்னே ஜீப் ஏறி, கேரளா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். புருஷன் போன பிறகு மகள் கயலின் நர்சிங் படிப்பு அந்த ஜீப்பை நம்பித்தான் ஓடுகிறது. அந்த ஜீப்புக்காகவே அவள் முந்தின ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பினால்தான் அடுத்த வாய்.

அவள் மட்டுமில்லை, அந்த ஜீப்பில் போகிற அத்தனை பொம்பளைகளும் அப்படித்தான். மலை ரோட்டில் வண்டி நிற்காது. தோட்டத்தில் ஒதுங்க மறைவு கிடையாது, கங்காணி கண்ணெதிரே நிற்பான். இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று கேட்டால் என்னை வாயாடி என்பார்கள்.

இந்த வருஷம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செடியடியில் குத்தவைத்தால் எழ முடியவில்லை. இப்படியே இருந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டான். அவள் பயந்துபோனாள். ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு கம்பத்தில் ஒரு பிசியோதெரபி சென்டருக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஜோதிலட்சுமி என்ற பெண் இடுப்பில் சூட்டுப் பையை வைத்தாள். முதல் தடவையே தலை கிறுகிறுத்ததாம், இந்த அழுத்தக்காரி வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை கட்டிலை விட்டு எழுந்தவள் அப்படியே என் மேல் சரிந்தாள். உடம்பு கொதித்தது, பொட்டு வேர்வை இல்லை.

படுக்கவைத்துக் காலை உயர்த்தி, தெளிந்ததும் கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள் ஜோதிலட்சுமி. "கடைசியா எப்பக்கா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து ராத்திரி."

"சூடு வச்சா ரத்தக்குழாய் விரியும்க்கா. ஒடம்புல தண்ணி இருந்தாத்தான் ரத்தம் அந்தச் சூட்ட அள்ளிட்டுப் போகும், வேர்வையா வெளிய தள்ளும். வறண்டு கெடந்தா பிரஷர் எறங்கி இப்படித்தான் விழுவீங்க. தோலும் வெந்துரும். நாள் பூராம் தண்ணி குடிச்சுட்டு வாங்க, வைக்கிறேன். இல்லாட்டி மாட்டேன்."

"மேல ஒதுங்க எடமில்லையே, மதினி," என்று என்னிடம் முனகினாள்.

"இடுப்பு போனா ஜீப்பே இல்லடி. குடிச்சுத் தொல," என்றேன்.

குடித்தாள். சூடு பிடித்தது, வேர்த்தது, இடுப்பு இளகியது. ஆனால் ஒரு நாள் காலையில் மலை ஏறும்போது அடக்க முடியாமல் டிரைவர் ராக்கையாவிடம் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான். அவள் இறங்கியதும், பின்னாலேயே ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப் புதருக்குள் போனார்களாம். தோட்டத்துக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. கங்காணி ராக்கையாவைக் கண்டபடி ஏசினான்.

மறுநாள் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். முக்கில் அக்கம்மாள் தூக்குவாளியோடு நின்றாள். ஜீப் அவளைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்திகூட நிறுத்தச் சொல்லவில்லை. ஓடிப்போய் ராக்கையாவுக்குப் போன் போட்டேன். "ஆள் நெறஞ்சிருச்சுக்கா," என்று வைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அக்கம்மாள் வாளியைத் தரையில் வைத்தாள். ரோட்டோரமாகக் குத்தவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

"பாரு மதினி, வலியே இல்ல," என்று சொல்லி அழுதாள்.