அறுப்புக் குழிக்குள் நான் இருந்த நேரம்

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஓர் ஐப்பசி மாதம், காலை பத்து மணிக்கு, கொடைக்கானல் ஏரிக்கு மேலே உள்ள சரிவில் ஒரு மர அறுப்புக் குழிக்குள் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பத்து மணி என்று பெயர்தானே தவிர, வெளியே மூடுபனியில் பக்கத்தில் நிற்கிற மரம்கூடத் தெரியாது. அன்று என் தலைக்கு மேலே கேட்ட சத்தங்களைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் வில்பட்டி. அப்போது இருபத்தைந்து வயது. கொடைக்கானலில் அந்த வருடங்களில் எங்கே பார்த்தாலும் கட்டடம். பங்களா, ஓட்டல், கடை என்று கட்டிக்கொண்டே இருந்தார்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் ஏகக் கிராக்கி. முன்பெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள்தான் மரம் அறுப்பார்கள். அப்புறம் கான்ட்ராக்டர் ஒருவர் மலையாளத்துப் பக்கமிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் குழிக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்து, விடியுமுன் தொடங்கினால் இருட்டும் வரை அறுப்பார்கள். அதன்பிறகு எங்கள் ஆட்களை யாரும் கூப்பிடவில்லை. என் அக்காவைக் கட்டிய மச்சானும் அறுப்பு வேலைக்காரர்தான். அவருடைய வாள் எண்ணெய் பூசிச் சுவரில் தொங்கியது. அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் பேச்சு ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏறியது. "மலையாளத்தான் வந்தான், வாளும் போச்சு, சோறும் போச்சு" என்று ஆரம்பித்தது. பிறகு, ஓடைக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த புதுப் பாலத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. "பாலம் நிக்கணும்னா தலை குடுக்கணுமாம். அதுக்குத்தான் மந்திரம் தெரிஞ்ச ஆளாப் பாத்து எறக்கியிருக்காங்க" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்தச் சரிவு வழியாகப் போகும் பெண்கள் பிள்ளைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. மண்டியில் கோஸ் மூட்டை ஏற்றுகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் பன்னிரண்டு நாளாக அந்த மலையாளத்து ஆட்களோடு அறுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேலை இல்லாமல் மண்டி வாசலில் நின்ற என்னை அவர்களுடைய மேஸ்திரி கையைக் காட்டிக் கூப்பிட்டார், போய்விட்டேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழிக்குள் யாரும் என்னைப் பார்க்கவும் மாட்டார்கள், எதுவும் கேட்கவும் மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் ஓடையில் தூளைக் கழுவிவிட்டு ஊருக்கு நடப்பேன்.

அறுப்புக் குழியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு நீளமாக ஒரு குழி. அதற்குக் குறுக்கே கட்டைகளைப் போட்டு, அறுக்க வேண்டிய மரத்தை அவற்றின் மேல் உருட்டி வைப்பார்கள். மேலாள் மரத்தின் மேல் நின்று கரிக்கோட்டைப் பார்த்து வாளைத் தூக்குவார். கீழாள் குழிக்குள் நின்று இழுப்பான். தூள் முழுக்கக் கீழாள் முகத்தில்தான் கொட்டும். கண்ணைத் திறக்க முடியாது. அதனால் மேலாள் குதிகாலால் தட்டித்தான் எதையும் சொல்வார். ஒரு தட்டு என்றால் இழு. இரண்டு தட்டு என்றால் நில், அசையாதே. அதை மீறி இழுத்தால் மேலே நிற்கிறவர் கால் போய்விடும். மேஸ்திரி முதல் நாளே எனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அன்று மற்றவர்கள் மரம் உருட்டக் காட்டுக்குள் போய்விட்டார்கள். குழியில் மேஸ்திரியும் நானும் மட்டும். இருட்டு விலகுமுன்பே ஒரு பெரிய தைலமரத்தில் வாளை வைத்தோம். பாதி மரம் அறுத்திருப்போம். இரண்டு தட்டு கேட்டது. நின்றேன். ஆப்பு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மேட்டிலிருந்து ஆட்கள் இறங்குகிற சத்தம் வந்தது. யாரோ தகர டின்னைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி குனிந்து, மரத்துக்கும் குழிக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகச் சொன்னார்:

"தம்பி, கொறே ஆளு கூட்டமாயிட்டு வருது. கையில் கம்புண்டு. நீ பேசாதே. மேலே வராதே."

நான் ஒன்றும் புரியாமல் நிற்கும்போதே பட்டையோடு கிடந்த புறப்பலகைகளை இழுத்துக் குழியை மூடிவிட்டார். அவர் பலகை மேல் உட்கார்ந்ததும் மண் பொலபொலவென்று என் கழுத்தில் விழுந்தது. இருட்டாகிவிட்டது. வாள் இறங்கியிருந்த பிளவில் மட்டும் நூல்போல வெளிச்சம். வாளின் கீழ்ப்பிடி என் நெஞ்சுக்கு நேரே தொங்கியது.

"எங்கலே புள்ள?"

"எந்தப் புள்ளை?"

"வண்டிக்காரர் மக. ஆறு வயசுப் பொட்டப் புள்ள. வெள்ளனே வாசல்ல நின்ன புள்ளயக் காணோம்."

"நான் கண்டில்லை. விடியும் முன்னே தொட்டு நான் இங்கே தன்னே இருக்கேன்."

"பாலத்துக்கு எத்தன தலைலே கேட்டான் ஒங்க கான்ட்ராக்டர்? ஒண்ணா, ரெண்டா?"

யாரோ சிரித்தார்கள்.

இருட்டு விலகுமுன் தொடங்கியதிலிருந்து மேஸ்திரி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது நான். இரண்டு பலகையைத் தள்ளி எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். என் தலைக்கு மேலே பலகையில் குதிகால் மெல்ல இரண்டு முறை தட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. என் மச்சான் குரல்.

"இருங்கப்பா, நான் ஒண்ணு கேக்குறேன். மேஸ்திரி, இது ரெண்டாள் வாளு. ஒத்த ஆளு இழுக்க முடியாது. மரம் பாதி அறுத்துக் கெடக்கு, தூளு காயாம இருக்கு. கீழாளு எங்க?"

வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. வாள் பிடித்த கைக்குத்தான் தோன்றும்.

"ஆள் இல்லை" என்றார் மேஸ்திரி.

"இல்லைன்னா? பறந்துட்டானா?"

"ஆள் இல்லை."

"பாத்தீங்களா! கீழாளு புள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டான். இவன் இங்க காவலுக்கு உக்காந்திருக்கான்!"

அவர்கள் தேடுகிற பிள்ளைபிடிக்கிறவன் நான்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை மறைக்க அவர் சொன்ன பொய் அவர் கழுத்தையே இறுக்கியது. இப்போது வெளியே வந்தால் எனக்கும் அடி. பிழைத்தாலும், மச்சானுடைய வேலையைப் பறித்தவனோடு சேர்ந்துகொண்டவன் என்று ஊரே காறித் துப்பும். மூச்சு விடும் சத்தம் மேலே கேட்டுவிடுமோ என்று குழியின் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"குழிய எதுக்குலே மூடி வச்சிருக்க? எந்திரி!"

மேஸ்திரி எழவில்லை.

"உள்ள பூசை போட்டிருக்கான்யா. பலகையத் தூக்கு."

"நீ தூக்கேன். ஒனக்குத்தான் தைரியம் பொங்குதே."

"எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. நான் இதையெல்லாம் தொடக் கூடாது."

"அப்ப அவனையே தொறக்கச் சொல்லுங்க. தொறக்கிற வரைக்கும் குடுங்க."

ஒருவருக்கும் அந்தப் பலகையைத் தொடத் துணிவு இல்லை. ஆனால் அடிக்கத் துணிவு இருந்தது. முதல் அடி விழுந்த சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல் கேட்டது. உடனே குதிகால் இரண்டு தட்டு. அடுத்த அடி விழுந்தது. மறுபடியும் இரண்டு தட்டு, கொஞ்சம் தாமதமாக. நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அப்புறம் காய்ந்த கிளை ஒடிகிறதுபோல ஒரு சத்தம். "அம்மே" என்று ஒரே ஒரு தரம் கத்தினார். பலகை மேலிருந்த கனம் சரிந்து போனது.

குதிகால் தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு அடி விழுந்தது மட்டும் தெரியும். வாயிலிருந்து துண்டை எடுத்தேன். குரல் வரவில்லை. கைதான் முதலில் அசைந்தது. கீழ்ப்பிடியைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மேலே தள்ளினேன். வாள் மரத்துக்குள் கர்ரென்று உரசிக்கொண்டு ஏறியது.

"ஐயோ! வாளு தானா ஏறுதுலே!"

திபுதிபுவென்று கால்கள் சிதறின. யாரோ சறுக்கி விழுந்தார்கள். டின் உருண்டு போனது. அந்த இடைவெளியில் எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்துவிட்டது.

"மச்சான்! நான்தான் மச்சான்!"

தலையால் முட்டிப் பலகையைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பனிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். முகத்திலும் தலையிலும் செந்தூள் அப்பிக் கண் மட்டும் தெரிய வந்த என்னைப் பார்த்ததும் ஒருவர் கம்பை ஓங்கிவிட்டார். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கிட்டே வந்து உள்ளங்கையால் என் முகத்தைத் துடைத்தார்.

"ஏலே மாப்ளே… நீயா?"

அவ்வளவு பேர் முன்னால் நான் அதற்கு முன் பேசியதே இல்லை.

"கீழாளு நான்தான் மச்சான். இருட்டுல இருந்து இவரு கூடத்தான் இருக்கேன். இவரு எங்கயும் போகல."

"ஒங்க மச்சினனே மலையாளத்தானுக்குக் கீழாளாய்யா!" என்று டீக்கடைக் குரல் ஒன்று கேட்டது. இன்னொருவர், "அவனும் கூட்டுதான். சேத்துக் கட்டுங்க" என்றார். கம்புகள் இறங்கவில்லை. நான் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் மேட்டுப் பாதையில் யாரோ கத்திக்கொண்டே ஓடிவந்தார். பிள்ளை கிடைத்துவிட்டதாம். உருளைக்கிழங்கு லாரியில் ஏறி, குளிருக்குச் சாக்குக்குள் படுத்துத் தூங்கிவிட்டதாம். பெருமாள்மலையில் மூட்டை புரட்டும்போது பார்த்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களாம்.

கம்புகள் முதுகுக்குப் பின்னால் போயின. ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டார். "சரி சரி, வெரசா வாங்க, பஸ் வந்துரும்" என்றது ஒரு குரல். நாலு எட்டு வைத்ததும் பனி அவர்களை மறைத்துவிட்டது. அன்று பனி அவர்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மச்சான் மட்டும் போகவில்லை. மேஸ்திரி தூளின் மேல் உட்கார்ந்து, முழங்கைக்குக் கீழே வளைந்துவிட்ட இடது கையை மடியில் வைத்திருந்தார். மச்சான் மன்னிப்புக் கேட்கவில்லை. குழிக்குள் இறங்கினார். கீழ்ப்பிடியைத் தட்டிக் கழற்றினார். மேலே வந்து பாதி அறுத்த மரத்திலிருந்து வாளை அலுங்காமல் உருவி எடுத்து, தன் தோள் துண்டால் பல் பல்லாகத் துடைத்து, மேஸ்திரி பக்கத்தில் வைத்தார். ஈர மரத்தில் வாளை விட்டுவிட்டுப் போக அறுப்புக்காரருக்கு மனசு வராது.

மேஸ்திரி வாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் எண்ணெ இடணும்" என்றார்.

"போட்டுர்றேன் மேஸ்திரி" என்றார் மச்சான்.

இரண்டு சட்டத்தை வைத்துக் கையைக் கட்டி, இருவருமாகத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அடுத்த வாரமே அந்த எட்டுப் பேரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், என்னை ஏன் மறைத்தீர்கள், காட்டிக்கொடுத்திருந்தால் அடி குறைந்திருக்குமே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"கீழே நிக்கறவன் கண்ணிலே தூளல்லோ தம்பி. மேலே நிக்கறவன்தான் பார்த்துக்கணும்."

அவருடைய படுக்கைச் சுருட்டை பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினேன்.

இரண்டு தட்டு கேட்டதால்தான் வெளியே வரவில்லை என்று மச்சானிடம் சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன். வேலையின் சட்டம் அப்படித்தானே என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். உண்மை அது இல்லை. அவர் குதிகால் தட்டாமல் இருந்திருந்தாலும் முதல் அடிக்கு நான் ஏறி வந்திருக்க மாட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

இப்போது சிலோன் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் மரப்பட்டை உரிக்கும் வேலைக்கு இந்த மலைக்கு வந்திருக்கின்றன. அவர்கள் பேசுவதும் தமிழ்தான். இருந்தாலும் டீக்கடையில் பழைய பேச்சு புதிதாகத் தொடங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் கோழி காணாமல் போனதற்கு, போன வாரம் அவர்களில் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். அவர் அன்று முழுக்க என் கண் முன்னால்தான் வேலை செய்துகொண்டிருந்தார் என்று டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது.

கூட்டத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான், ஆனாலும் பேச வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் போதெல்லாம், நின்றுபோன அந்தக் குதிகால் தட்டுக்காக இருட்டில் காத்திருந்த நேரம் நினைவுக்கு வந்து என்னைப் பேசவைத்துவிடுகிறது.