வீணாய்ப் போன முதல் இரண்டு

"என் வாழ்நாள்ல ஒரு படம்கூட அதிர்ஷ்டத்துல விழுந்தது கிடையாது. ஒவ்வொண்ணும் நான் எடுத்தது. வேலை தெரியாதவனுக்குத்தான்யா அதிர்ஷ்டம் வேணும்."

நாரின் நகரத்தின் ஒரே புகைப்படக் கலைஞர் காசிமாலி, தமக்கு அறுபது வயது நிறைந்த விருந்தில் எழுந்து நின்று நூற்றுப் பத்து பேர் முன்னிலையில் இதைச் சொன்னார். சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருந்தது. முப்பது ஆண்டுப் படங்களை ஆல்பமாக்கி விருந்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். அதை விட்டுவிட்டுச் சபையே கல்தச்சன் பஸார்குலின் கைபேசியைச் சுற்றிக் கூடி நின்றது. முந்தின வாரம் ஆற்றுக்கு மேலே மின்னல் விழுந்ததைப் பஸார்குல் படம் பிடித்திருந்தான். கழுத்தில் கயிறோடு ஒரு குதிரை அண்ணாந்து அந்த மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சும்மா தட்டுனேன் பைகே, விழுந்துருச்சு," என்று பஸார்குல் பல்லைக் காட்டியதுதான் காசிமாலியை எழுப்பி நிறுத்தியது. நம் பெரியவரை வயதில் சிறியவர்கள் பைகே என்றுதான் அழைப்பார்கள். அந்த மரியாதையில் குறை வைக்காமலே அவரைக் கடுப்பேற்றவும் நாரின்காரர்களுக்குத் தெரியும்.

அவர் பேசி முடித்ததும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சால்கின், கெட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆமாமா, நம்ம மக மைராமோட அத்தாவுக்கு அதிர்ஷ்டம் எதுக்கு? மூட்டை தூக்க நான் ஒருத்தி இருக்கேனே."

சபை சிரித்தது. காசிமாலி சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை, பிறரைச் சிரிக்க விடுவதுமில்லை.

அவருடைய முறை அப்படி. ஜெனித் கேமராவின் கழுத்தில் முடிச்சுப் போட்ட ஒரு நூல் தொங்கும். அதை ஆளின் மூக்கு வரை இழுத்துத் தூரம் அளப்பார். பிறகு ஆணைகள் பிறக்கும். "தாடையை இறக்கு. மூச்சை நிறுத்து. ஆட்டை வித்துட்டு வந்தவன் மாதிரி இளிக்காதே, வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவன் மாதிரி நில்லு." ஊரார் நின்றார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் கல்யாணத்திலும் கடைசியில் கல்லறையிலும் அதே யோசனையோடு நின்றார்கள். மேட்டிலிருக்கும் நாரின் இடுகாட்டில் கருங்கல் வரிசையில் நடந்து போனால், ஊர் முழுக்க ஒரே ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டே செத்துப்போனதாகத் தோன்றும். கல்லில் உருவம் கூடாது என்று மொல்லா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்டிப்பார். அவர் அப்பாவின் கல்லில் இருப்பதும் காசிமாலி எடுத்த படம்தான், நல்ல தெளிவு.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஊதா மையில் முத்திரை விழும்: 'எடுத்தவர் காசிமாலி'. முத்திரை குத்தாத படம் அவர் கையைவிட்டுப் போனதே இல்லை.

விருந்து முடிந்து இரண்டாம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு காலை, பால் பொங்கும் சத்தம் கேட்டுக் காசிமாலி அடுப்படிக்குப் போனார். சால்கின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

வருஷம் திரும்பும்போது ஆஷ் கொடுக்க வேண்டும். இறந்தவருக்காகக் குதிரை அடித்து, சுற்றத்தை எல்லாம் கூட்டிப் போடும் விருந்து அது. அதற்கு முன்னால் கல் நட்டாக வேண்டும், கல்லில் முகம் இருந்தாக வேண்டும். விருந்துக்கு மூன்று வாரம் இருக்கையில் காசிமாலி ஒரு கட்டுப் படத்தோடு பஸார்குலின் பட்டறைக்குப் போனார். கல்யாண நாளன்று, வருஷா வருஷம் அக்டோபரில், அதே திரைக்கு முன்னால் மனைவியை நிறுத்தி எடுத்தவை, மொத்தம் முப்பத்தொன்று.

பஸார்குல் அவற்றைக் கல்லின் மேல் பரப்பினான். தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க பைகே. இது பாஸ்போர்ட் ஆபீஸ்ல முத்திரை குத்துற அம்மா மாதிரி இருக்கு. நம்ம சால்கின் ஏஜே இப்படியா இருப்பாங்க? என் கடை வாசல்ல நின்னு, 'என் வீட்டுக் கிழவர் மூஞ்சியைக் கல்லுல வெட்டுறப்ப வாயை மட்டும் வெட்டாத, அங்கயும் வந்து தாடையை இறக்கும்பார்'னு சொன்னவங்க அவங்க."

"வெளிச்சம் எப்படி இருக்கு பார்த்தியா?"

"வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கு பைகே. ஆளைத்தான் காணோம்."

கல்தச்சனுக்குக் கலை தெரியாது என்று தீர்மானித்து அவர் வீடு திரும்பினார். பிஷ்கெக்கிலிருந்து மகள் மைராம் வந்திறங்கியிருந்தாள். அவளிடம் கட்டை நீட்டினார். மகள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பதினெட்டாவதில் நிறுத்தினாள்.

"அத்தா, இது அம்மா இல்ல."

"பின்ன யாரு?"

"உங்க கேமராவைப் பார்த்துப் பயந்து நிக்கிற யாரோ ஒருத்தி. அம்மா மூச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்ல, வாய் ஓயாம பேசிட்டே இருப்பாளே."

"உன் போன்ல இருக்கும்ல? அதையாவது காட்டு."

மைராம் காட்டினாள். ஒன்றில் பொரித்த போர்சோக் ரொட்டி குவிந்த மேசையும் அம்மாவின் முழங்கையும் இருந்தன. மற்றொன்றில் அம்மா முகத்தைத் தலைத்துணியால் மூடியிருந்தாள். இன்னொன்றில் முதுகுதான்.

"நான் எடுக்கப் போனா ஓடிருவா அத்தா. 'உங்கத்தா எடுக்கட்டும், மனுசன் வருத்தப்படுவாரு'ம்பா."

காசிமாலி போனைத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தொரு படங்களையும் வருஷ வரிசைப்படி அடுக்கினார். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது அடுக்குவது அவர் வழக்கம்.

"படம் வேணாம்," என்றாள் மகள் மெதுவாக. "பிறை மட்டும் வெட்டச் சொல்லிரலாம். மொல்லாவுக்கும் சந்தோசம்."

ஊருக்கே முகம் கொடுத்தவர் வீட்டுக் கல்லில் முகம் இல்லை என்றால் சுற்றம் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அதைவிட, இருபது வருஷம் கழித்து அந்தக் கல்லின் முன் வந்து நிற்கும் பேரப்பிள்ளை யாரைப் பார்ப்பான்? பழைய நெகட்டிவ் ஒன்றைக் கொஞ்சம் மென்மையாக அச்சடித்துப் பார்க்கலாம் என்று காசிமாலி தகரப் பெட்டிகளை இறக்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

ஃபிலிம் போட்ட காலத்தில் தொழில் செய்தவர்களுக்கு இது தெரியும். புதுச் சுருளை மாட்டி மூடியதும், வெளிச்சம் பட்டு எரிந்துபோன தலைப்பு நகர்வதற்காக இரண்டு தடவை சும்மா தட்டிவிட வேண்டும். கேமரா எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்த இரண்டும் வீண். காசிமாலி நூலை இழுக்காமல், கண்ணை வைக்காமல், வயிற்றோடு பிடித்தபடி தட்டிய படங்கள் உலகத்தில் அவை மட்டுமே. அவற்றை அவர் வெட்டி எறியவும் இல்லை. அந்த எரிந்த தலைப்பில்தான் ஊசியால் வாடிக்கையாளர் பெயரைக் கீறி வைப்பார்.

முதல் சுருளின் தலைப்பில் பாதி வெறும் கறுப்பாக இருந்தது. மறுபாதியில் ஓர் ஆள். தோளில் மேசை விரிப்பு கிடந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதற்காக எல்லாக் கல்யாணத்திலும் சால்கின் பிடித்து நிற்கும் வெள்ளை விரிப்பு அது.

அடுத்த சுருளை எடுத்தார். ஒரு கன்னம், திறந்த வாய். அதற்கடுத்ததில் பையைத் தரையில் வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொன்றில் போர்சோக்கைக் கடித்தபடி யாரையோ திட்டினாள். ஃபிலிம் மாட்டும்போதெல்லாம் எதிரே நின்றவள் அவள்தான். பெட்டி பெட்டியாக, ஃபிலிம் ஓய்ந்த நாள் வரை இருபத்தேழு வருஷம், சுருளுக்கு இரண்டு. ஒன்றில் அவள் நெற்றியின் குறுக்கே 'அல்மாஸ் வீட்டுக் கல்யாணம்' என்று அவர் கையாலேயே கீறியிருந்தது.

மூன்று நாள் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. மைராம் தேநீரை வைத்துவிட்டு ஆறியதை எடுத்துப் போனாள். மூன்றாம் நாள் ஒரு சுருளை நீட்டி, "இது எந்த ஊரு, தெரியுதா?" என்றார்.

மகள் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெகுநேரம் கையை இறக்கவில்லை.

"என்ன சொல்றா அத்தா இதுல?"

காசிமாலி யோசித்தார். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கி, பல்லெல்லாம் தெரிய, நேரே அவரைப் பார்த்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றித்தான் இருக்கும். தூரம் சொல்லிவிடலாம், வெளிச்சம் சொல்லிவிடலாம். அவள் சொன்னது என்ன என்பது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால்தானே?

"தெரியலம்மா," என்றார். "நான் ஃபிலிம் மாட்டிட்டு இருந்தேன்."

மறுநாள் காலை ஒற்றைப் படத்தோடு பட்டறைக்குப் போனார். பஸார்குல் உளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"ஏஜே வந்துட்டாங்க," என்றான். பிறகு கல்தச்சனாகி, "பல்லு தெரியுதே பைகே. கல்லுல சிரிச்சா ஊரு ஒரு மாதிரி பேசுமே," என்றான்.

"பேசட்டும். அவளும்தான் பேசினா."

"இந்தப் பக்கம் வெள்ளையா எரிஞ்சு கிடக்கே, வெட்டிரவா?"

"இருக்கட்டும். அதுவும் சேர்ந்துதான் அந்தப் படம்."

மின்னலையும் குதிரையையும் வைத்துக்கொண்டு அவருடைய 'அதிர்ஷ்டம்' பேச்சைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தவன் பஸார்குல். இப்போது அது கையில் இருந்தும் அவன் அதைத் தொடவில்லை. கல்லோடு வைத்து அளவு பார்க்கப் படத்தைத் திருப்பினான். முதுகு வெறுமையாக இருந்தது.

"முத்திரை குத்த மறந்துட்டீங்களே பைகே."

"மறக்கலப்பா," என்றார் காசிமாலி. "அது நான் எடுத்தது இல்ல."