எல்ல வழியாக வந்த வேற்றுக்கிரகவாசிகள்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடித்துக்கொண்ட செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு எல்ல என்ற ஊர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர், எல்லயில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். அங்கே தங்கிய ஒரு பெண் விட்டுப்போன ஆங்கில நாவல் அது. அட்டையில் எரிகிற நகரமும் அதற்கு மேலே கவிழ்த்த தட்டைப் போல ஒரு கப்பலும் இருந்தன. கீழே, என் அக்காவின் வயதில் ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிறேன். மொதலாளி அலுமாரியில வைக்கணும்னுட்டாரு. அதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மாமா தெமோதரை ஸ்டேஷனுக்கு ரயில் ஏறப் போய்விட்டார்.

அக்கா பதுளையில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு பக்கம் தனியே வாசிப்பாள். பிறகு தேத்தண்ணி குடித்தபடி எங்களுக்குத் தமிழில் சொல்வாள். அகராதியில் அகப்படாத இடங்களில் அவளே ஏதாவது போட்டு நிரப்பினாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கதையில் அந்தப் பெண்ணின் தம்பியை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப் போயிருந்தார்கள். அவன் கிடைப்பானா மாட்டானா என்பதைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து வாளித் தண்ணீரைச் சிந்தினேன்.

விடியுமுன்னே தோட்டத்துச் சங்குக்கு எழுந்து போய், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள். அடுத்த காம்பராவில் மகன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்த பெரியம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். அப்பா கேட்காத மாதிரி சுவரில் சாய்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை, கதையின் மிகப் பயங்கரமான இடம் வந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிடிபட்ட மனிதர்களை நீளமான கொட்டகைகளில் அடைத்துவிட்டார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. காலையில் சங்கு ஊதியதும் எல்லாரும் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நான் அக்காவின் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப சங்கு ஊதுவாங்களாம்?" என்றாள் அம்மா.

"வெளிச்சம் வந்ததும்னு போட்டிருக்கும்மா."

"அட, விடிஞ்ச பொறகா! நல்லவங்களாத்தான் இருக்காங்க."

பெரியம்மா முன்னால் நகர்ந்து வந்தாள். "குடும்பத்துக்கு ஒரு காம்பராவா? எங்க மருமக கேட்டா இப்பவே பொட்டியக் கட்டிருவாளே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவின் கையிலிருந்த மா கன்னத்தில் அப்பியது. கண்ணீரும் அதோடு சேர்ந்து வழிந்தது. அக்காவும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் குலுங்கினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சிரிக்காதீங்க! இது பயப்படுற எடம்!" என்று கத்தினேன்.

அதற்கு இன்னும் சிரித்தார்கள். அழுதுகொண்டே போய்ப் படுத்த என்னை அம்மா எழுப்பி, சூடான ரொட்டியில் தேங்காய்ச் சம்பல் வைத்து ஊட்டினாள். "சரிடி, நாளைக்குப் பயப்படுறோம்" என்று சத்தியமும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்து நின்றபோது கடைசிப் பகுதி மிச்சமிருந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் நின்றுகொண்டே இருந்தார். அக்கா வேகவேகமாகச் சொன்னாள். அந்தப் பெண் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள்! நான் துள்ளிக் குதித்தேன். அவள் கொட்டகை கொட்டகையாகப் போய், நாளைக்கு யாரும் வெளியே வராதீர்கள் என்று ரகசியமாகச் சொன்னாள். மறுநாள் சங்கு ஊதியது. ஒருவரும் வரவில்லை. திரும்பவும் ஊதியது. கதவுகள் மூடியே இருந்தன. வேற்றுக்கிரகவாசிகள் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் மைதானத்தில் நின்றார்கள்.

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த எடத்தத் திருப்பிச் சொல்லு" என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்கக் கதையைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அத்தான், ரயிலு போயிரும்" என்றார் மாமா.

"அடுத்த ரயில்ல போ மச்சான். ஒக்காரு."

மாமா உட்கார்ந்தார். அக்கா இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கீழே, தெமோதரைப் பக்கம், ரயில் கூவிக்கொண்டு போனது.

எனக்கோ பொறுமையே இல்லை. சண்டை இல்லை, நெருப்பு இல்லை, ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் போய் இரண்டாம் தரம் கேட்கிறார்களே! "கப்பல் என்னாச்சுக்கா? கப்பலச் சொல்லுக்கா" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன்.