வெள்ளை பூத்த கார்க்கண்ணாடி

மழைக்காலத்தில் மூடின கார் ஓட்டுகிறவனுக்குச் சாமி மூன்று கை கொடுத்திருக்க வேண்டும்: ஸ்டியரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, கண்ணாடி துடைக்க ஒன்று.

நான் பாகூரில் ஒரு கரும்புப் பண்ணைக்காரரின் பிளஷர் காரை ஓட்டினவன். அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் பக்கம் ஓடின மோட்டார்கள் பெரும்பாலும் துணிக்கூரை போட்டவை. மழை வந்தால் தொப்பலாக நனைவோம், ஆனால் வழி தெரியும். முதலாளி ஆசைப்பட்டு வாங்கினதோ நாலு பக்கமும் கண்ணாடி வைத்த வண்டி. மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் விடுகிற மூச்செல்லாம் அதில் போய்ப் படிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். வெளிப்பக்கம் துடைக்கக் கையால் ஆட்டுகிற கம்பி உண்டு. உள்பக்கத்துக்கு என் மேல்துண்டுதான். முதலாளிக்கு வேலையில்லாத நாளில் வண்டி வாடகைக்குப் போகும். அப்படிப் போய் நான் ஆடிப்போன கதைகள் இவை. நீங்களும் மழையில் மூடின கார் ஓட்டினவர் என்றால், படிக்கும்போதே கை துண்டைத் தேடும்.

ஏரிக்கரையில் பாகப்பிரிவினை

குருவிநத்தத்தில் ஏழுமலை, தங்கவேலு என்று அண்ணன் தம்பி. அப்பன் விட்டுப்போன நிலத்தைப் பிரிக்கிற தகராறில் பேச்சுவார்த்தையே இல்லை. பத்திரம் எழுதுகிற நொத்தேரைப் பட்டணத்திலிருந்து கூட்டிவர என் காரை அமர்த்தினார்கள். ஒருவர் மட்டும் போனால் வழியிலேயே நொத்தேரைக் கைக்குள் போட்டுக்கொள்வார் என்று இருவருமே வந்தார்கள். திரும்பும்போது நொத்தேர் கோட்டும் தொப்பியுமாக என் பக்கத்தில். அண்ணனும் தம்பியும் பின்னால். வெளியே ஐப்பசி மழை. பாதி வழியில் கிணற்றடி மாமரம் யாருக்கு என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்தக் கத்தலின் சூட்டில் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது.

பாகூர் ஏரிக்கரைமேல் வரும்போது துண்டால் வட்டமாக ஓர் ஓட்டை துடைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் சமமாகத் தெரிந்தது. பாதைதான் என்று வண்டியை விட்டேன். முன்சக்கரம் ஒரு பக்கம் இறங்கியது. நொத்தேர் தொப்பியாலேயே கண்ணாடியைத் துடைத்தார். பாதை இல்லை. ஏரி! நிறைந்த ஏரி, அலை அடித்துக்கொண்டு, எங்கள் மூக்குக்கு நேரே. பிரேக்கை மிதித்த காலை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஏழுமலை கதவைத் திறந்து கரைமேல் குதித்து, தம்பியின் அரைஞாண் கயிற்றோடு வேட்டியைப் பிடித்து வெளியே இழுத்தார். அப்புறம் அவர்கள் இருவரும் சேர்ந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, நொத்தேரும் நானும் இறங்கினோம். அதற்கப்புறம் தம்பியின் கையைப் பிடித்த ஏழுமலை அதை விடவே இல்லை. அந்தக் கையோடு என்னிடம் வந்து கேட்டார்: "இன்னாபா, நீ காரு ஓட்டறியா, ஓடம் வுடறியா?"

வெங்காயக் கல்யாணம்

இதற்கு மருந்து என்ன என்று நான் கேட்காத ஆள் இல்லை. கடலூர் பஸ் டிரைவர் ஒருத்தன், வெங்காயத்தை வெட்டிக் கண்ணாடியில் தேய், ஆவி பிடிக்காது என்றான். உறுவையாறிலிருந்து வில்லியனூருக்குப் பெண் அழைத்துப் போகிற அன்று காலையில் கூடை வெங்காயத்தைக் காலி பண்ணினேன். கண்ணாடி கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காக எல்லாவற்றையும் ஏற்றி மூடியிருந்தோம். உறுவையாறு எல்லை தாண்டுவதற்குள் பெண்ணுக்கும், பெண்ணின் மாமாவுக்கும், எனக்கும் கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பெண் விசும்பிக்கொண்டு இறங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றவள் என் முகத்தைப் பார்த்தாள். மேளத்தை நிறுத்தச் சொன்னாள். "பொண்ணு அழுவறது சரி. டிரைவரு இன்னாத்துக்குயா அழுவறான்?"

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். வெங்காயம் என்று சொல்ல வாயெடுத்தால் விக்கல்தான் வருகிறது. அந்தப் பெண்தான் காப்பாற்றினாள். விறுவிறுவென்று வந்து, மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காருக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டாள். கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. "மாமியாருங்கதான் மருமவள அழ வெப்பாங்க. வாசப்படி மிதிக்கறதுக்குள்ள என்னையே அழ வெச்சிட்டாளே இவ! கொட்டுங்கயா மேளத்த!"

சாவடியில்

பாகூரிலிருந்து பட்டணம் போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே வரும். அங்கே சுங்கச் சாவடி. வண்டியை நிறுத்திச் சோதனை போடாமல் விடமாட்டார்கள். ஒரு நாள் காலை, கொட்டுகிற மழையில், அஞ்சலை என்கிற பெண்ணைப் பிரசவ வலியோடு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். பின்னால் அவளும் மருத்துவச்சி கன்னியம்மாவும். முன்னால் என் பக்கத்தில் அவள் புருஷன் முருகேசன், பல்லைக் கடித்துக்கொண்டு. வலி கூடக்கூட மூச்சும் கூடி, கண்ணாடியெல்லாம் திரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. முன்கண்ணாடியை மட்டும் முருகேசன் துடைத்துக்கொண்டே வந்தான்.

சாவடிச் சேவகன் தடியை நீட்டினான். உள்ளே எதுவும் தெரியாததால் அவனுக்குச் சந்தேகம். சாராயமோ பட்டோ மறைத்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்துவிட்டான். "பின்னாடி கண்ணாடிய தொடைங்கடா!" என்று தடியால் தட்டினான். உள்ளேயிருந்து கன்னியம்மா கத்தினாள்: "எவனாச்சும் தொடச்சீங்க, கண்ண நோண்டிடுவேன்! அதாண்டா எங்களுக்கு மறைப்பு!" சேவகன் விறைத்துப்போய் நின்றுவிட்டான். நானும்தான். ஏனென்றால் அடுத்து அஞ்சலை போட்ட சத்தத்துக்கு அப்புறம் உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. பிள்ளை பிறந்துவிட்டது என்று கன்னியம்மா சொன்னாள். ஆனால் அழுகை இல்லை.

முருகேசனும் நானும் இறங்கி, சேவகனோடு மூன்று ஆம்பிளைகளாக மழையில் நின்று வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே தட்டுகிற சத்தம், ஊதுகிற சத்தம். முருகேசன் காரின் மட்கார்டில் தலையை முட்டிக்கொண்டான். சேவகன் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன உறவு, சொல்லுங்கள். உள்ளே பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சுக்குரல் வந்தது. அப்புறம் வீறிட்டது பாருங்கள், அப்படி ஓர் இனிமையான கூச்சலை நான் கேட்டதில்லை. சேவகனுக்கு உடனே உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை இங்கிலீஷ் எல்லையில் பிறந்ததா, பிரெஞ்சு எல்லையில் பிறந்ததா என்று மெதுவாகக் கேட்டான். கன்னியம்மா கண்ணாடியை ஒரு விரல் இறக்கிச் சொன்னாள்: "கார்ல பொறந்தது. வழிய வுடு!"

ஐந்து விரல்

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த காசிம் பாய் அதிகம் பேசாத மனுஷர். அவர் பெண்சாதி ஜைனபுக்கு விஷக்காய்ச்சல் வந்து, பட்டணத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் அந்த அம்மாள் நெற்றியில் தானே தைலத்தைப் பூசிக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் கையை ஊன்றிச் சாய்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் தங்கவில்லை. பட்டணத்தில் தாய்வீட்டார் இருந்ததால் அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். சில நாள் கழித்து, பாயை ஊருக்குக் கூட்டிவர ஆள் சொல்லியனுப்பினார்கள். போனேன்.

பாய் பின்னால் தனியாக உட்கார்ந்தார். நல்ல மழை. கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்தது. திடீரென்று பின்னாலிருந்து "யா அல்லாஹ்!" என்று ஓர் அலறல். வண்டியை ஓரங்கட்டித் திரும்பினேன். பக்கக் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்திருக்க, நடுவில் ஒரு கை மட்டும் பூக்காமல் தெளிவாக நிற்கிறது. பெண் கை. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்த கை.

அந்தத் தைலம்தான் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எண்ணெய் பட்ட இடத்தில் ஆவி பிடிக்கவில்லை. பின்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடியை நான் துடைப்பதும் இல்லை. பாய் அதைத் தொடப் போனார், தொடாமல் விரலை மடக்கிக்கொண்டார். "சின்ன வயசுல ஒரல்ல நசுங்கின விரலுப்பா அது," என்றார். எனக்கு முன்னால் பாதை தெரியவில்லை, காற்று வர என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கப் போனேன். பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தொறக்காதே கோவிந்து. காத்து பட்டா போயிடும்."

திறக்கவில்லை. எனக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துக்கொண்டு, மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டினேன். பாய் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைக்கு என்னென்ன வாங்கிப் போட வேண்டும், தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்களோ இல்லையோ என்று வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தார். என்னிடம் இல்லை. வில்லியனூர் தேரடி தாண்டும்போது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் வெள்ளை இல்லை, கையும் இல்லை. இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பாய் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்: "வூடு வந்துதுல்ல, எறங்கிட்டாப்பா."

கண்ணாடி வெளியே பார்க்கத்தான் என்று அந்தக் காரைச் செய்தவன் நினைத்திருப்பான், பாவம், அவன் எங்கள் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மழையில் ஒரு நாளும் ஓட்டினதில்லை.